பின்வாசலில் ஒரு டம்ளர் தண்ணீர்

காலையில் கர்ட்டிஸ் தண்ணீர் நிரப்பி வைத்த பூச்சாடி மதியத்துக்குள் வற்றியிருந்தது. அரிசோனாவின் ஜூலை வெயில் எதையும் குடிக்கும் என்று தேற்றிக்கொண்டான். ஆனால் சாடியின் விளிம்பில் உதட்டுத் தடம் இருந்தது. புழுதி படிந்த, சின்ன உதடுகள்.

தாத்தா நடத்திய எட்டறை ஹோட்டலைப் பழமை மாறாமல் புதுப்பித்திருந்தான். நாளை மறுநாள் திறப்பு. அதுவரை மூன்றாம் எண் அறையில் தானே தங்கிப் பார்க்கிறான். பழைய அடிபம்பின் கைப்பிடியைக் கூடத்துச் சுவரில் அலங்காரமாக மாட்டியிருந்தான். துப்புரவு செய்யும் தொமாசா எல்லாவற்றையும் துடைப்பாள், அதை மட்டும் தொடமாட்டாள்.

நேற்றுதான் அவளிடம் சொன்னான். "பின்வாசல்ல தினமும் தண்ணி வைக்கிறத விடுங்க தொமாசா. புதுத் தரை கறையாகுது."

"அது எங்கம்மா வச்ச வழக்கம், மிஸ்டர் ஹேல். உங்க தாத்தா காலத்துல அவ இங்க சமையல்காரி. பருத்தி எடுக்க வந்த குடும்பம் ஒண்ணு, அஞ்சு பேரு, தண்ணி கேட்டு இந்தக் கதவத் தட்டுனாங்க. உங்க தாத்தா பம்புக் கைப்பிடியக் கழட்டிட்டு உள்ள வந்து, நாற்காலியப் போட்டு, கதவுக் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே இருந்தாரு. அஞ்சும் செத்துச்சு."

"விருந்தாளிங்ககிட்ட சொல்லுங்க. பேய் இருக்குன்னா கூட்டம் அள்ளும்."

அவள் சாவியை மேசையில் வைத்தாள். "நான் வைக்க மாட்டேன். இனி அவங்க உங்ககிட்டயே கேட்டுக்கட்டும்."

இன்று அவள் வரவில்லை. நாள் முழுதும் ஈர வைக்கோல் வாசத்தோடு முனகிக்கொண்டிருந்த ஏர்கூலர் மெல்ல மெல்ல வறண்ட இருமலாக மாறி, கருகிய புல்லின் நாற்றத்தைக் கூடமெங்கும் ஊதிவிட்டு நின்றுபோனது. அந்த அமைதியில் பின்கதவு தட்டப்பட்டது. மிகத் தாழ்வாக, எழுந்து நிற்க முடியாதவர்கள் தட்டுவதுபோல.

போய்ப் பார்க்கப் பயந்தான். அடுக்களைக் குழாயைத் திறந்தான். காற்று வந்தது. குளிர்பெட்டியில் பன்னிரண்டு பாட்டில்கள். மூடியின் சீல் உடையவில்லை. உள்ளே சொட்டு இல்லை.

நாக்கு தடித்தது. எச்சில் இல்லை. மறுபடியும் தட்டல்.

பம்பின் கைப்பிடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. சுவரிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினான். முற்றத்தில் யாரும் இல்லை. அங்கே நின்ற பழைய பம்பில் கைப்பிடியைப் பொருத்தி அடித்தான். அடித்தான். மணல் கொட்டியது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

திரும்பிக் கதவைப் பார்த்துவிட்டு மறுபடி பம்பைப் பார்த்தான். கைப்பிடி இல்லை. உள்ளங்கையில் துரு மட்டும்.

கத்த வாய் திறந்தான். சத்தம் வரவில்லை. கதவுவரை தவழ்ந்தான். தட்டினான். தாழ்வாக.

கண்ணாடிக்கு அப்பால் கைப்பிடி சுவரில் பழையபடி தொங்கியது. அதன் கீழே ஐந்து நாற்காலிகள். ஐந்து புழுதி முகங்கள். இருப்பதிலேயே சின்னது எழுந்து வந்தது. அவன் கண்ணுக்கு நேராக, கண்ணாடியின் அந்தப் பக்கம், தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தது.

பிறகு போய் நாற்காலியில் உட்கார்ந்து அவனைப் பார்க்கத் தொடங்கியது.