மதினியின் பக்கம்

சுவர் காலையிலேயே போய்விட்டது. அதைத் தட்டும் சத்தம் மட்டும் போகவில்லை.

அய்யாசாமி சாய்வு நாற்காலியில் கிடந்தபடி காது கொடுத்தார். டொக், டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. ரங்கூன் ஆற்றங்கரையின் போட்டாதாங் படகுத்துறையிலிருந்து வரும் இரும்புச் சத்தம் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார், மனம் கேட்கவில்லை. பகல் மூன்று மணிக்கே மழை இருட்டு. கரண்ட் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. இடிக்கிற தூசிக்குப் பயந்து மனைவி விஜயகுமாரி கியாக்தானில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அண்ணன் செத்த வருஷம் எழுப்பிய சுவர் அது. வெள்ளைக்காரன் காலத்து மூன்றாம் மாடி வீட்டை இரண்டாக வெட்டி, சன்னலும் வெளிச்சமும் உள்ள பாதியை இவர் எடுத்துக்கொண்டார். பழைய கணப்பு இருந்த இருட்டுப் பாதி நீலாம்பாள் மதினிக்கு; அதற்கு வழி பின்படிக் கதவு ஒன்றுதான். ரங்கூன் புழுக்கத்தில் குளிர்காயும் கணப்பு யாருக்கு வேண்டும்? மதினி அதற்குள் கரி அடுப்பை வைத்துச் சமைத்தாள். ஏதாவது வேண்டுமென்றால் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவாள்.

கொரோனா உச்சத்தில் ஊரே ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற அந்த ஜூலையில், அவள் இரண்டு நாள் தட்டினாள். இவரிடம் ஒரு சிலிண்டர் இருந்தது. வீட்டில் யாருக்கும் காய்ச்சல்கூட இல்லை. இருந்தாலும், நாளைக்கு நமக்கே வந்துவிட்டால்? டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். மூன்றாம் நாள் தட்டல் நின்றது. கேட்டவர்களிடமெல்லாம் காதில் விழவே இல்லை என்றார். சிலிண்டர் இன்னும் கட்டிலுக்கடியில் திறக்காமல் கிடக்கிறது.

காலையில் கொத்தனார் கோ லின், இடிப்பதற்கு முன்னால் சுவரின் மதினி பக்கத்தைக் காட்டினான். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பூச்சு உதிர்ந்து, உள்ளங்கை அகலத்துக்குக் குழி விழுந்திருந்தது. படுத்தபடியே தட்டியிருக்கிறாள்.

"முதல்ல அதை இடி," என்றார் அய்யாசாமி.

இடித்தான். இடித்த செங்கல்லைப் பின்படிக் கதவை மறித்து அடுக்கிவிட்டு, மழைக்கு முன்னே கிளம்பும்போது, பர்மிய மரியாதைக்கு 'ஊ' சேர்த்துக் கேட்டான்.

"ஊ அய்யாசாமி, கணப்பு சுடுதே. யாரு அடுப்பு மூட்டினது?"

நாளைக்கு அதையும் பேர்த்துவிடலாம் என்று அனுப்பிவைத்தார்.

டொக், டொக், டொக்.

எழுந்து போனார். சுவர் இருந்த கோட்டைத் தாண்டும்போது உள்ளங்கால் கூசியது. கணப்பின் முன் மண்டியிட்டு, வருஷக்கணக்காக யாரும் தொடாத சாம்பலில் கை வைத்தார். சூடு. ஈரக் கரியின் புகையும், மதினி வதக்கும் ஙப்பி என்ற புளித்த மீன் விழுதின் வாடையும், மூடிக்கிடந்த படுக்கையின் வியர்வை நாற்றமும் ஒன்றாகக் கிளம்பி, மூக்கில் ஏறி நெஞ்சில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டன. இருமினார். மூச்சு பாதியில் நின்றது. பயந்துபோய்த் திரும்பினார்.

சுவர் நின்றது.

முழுச் சுவர். பூச்சோடு. அடியில் அந்தக் குழியோடு.

பின்கதவைப் பார்த்தார். ஆள் உயரத்துக்குச் செங்கல்.

அதை நோக்கி இரண்டடி வைத்தார். விழுந்தார். கத்த வாய் திறந்தார். கத்துவதற்குக் காற்று இல்லை. கை தானாகக் குழியைத் தேடிப் போனது. டொக், டொக், டொக்.

அந்தப் பக்கம் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். தெரிந்த கனைப்பு. தினமும் பல் தேய்க்கும்போது அவரே கனைக்கிற கனைப்பு.

பக்கத்தில் படுத்திருப்பவள் போல, காதோரம் மதினி சொன்னாள்.

"நல்லாத் தட்டுங்க தம்பி. அந்தப் பக்கம் இருக்கறவருக்குக் கேக்குது."

தட்டினார். விரல் முட்டியில் தோல் உரிந்தது. தட்டினார்.

சுவருக்கு அப்பால் சாய்வு நாற்காலி கிறீச்சிட்டது. கரண்ட் இல்லாத வீட்டில் டிவி பேச ஆரம்பித்தது. பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, அதன் சத்தம் கூடிக்கொண்டே போனது.