வணக்கம் போனது, வழி வரவில்லை

ஐப்பசி மழையில் நனைந்தபடியே வந்த மோகனப்பிரியா, தேவநாதன் காட்டிய நாற்காலியில் உட்காரவில்லை.

“என் வீட்டுக்காரர் இளவரசு குடிகாட்டுல கெமிக்கல் கம்பெனியில நெட்வொர்க் பாக்குறாரு சார். நேத்து சாயந்தரம் கேஸ் கசிஞ்சப்ப, சிதம்பரம் ஹெட் ஆபீசுக்கு அலாரம் வரல, உதவி போக லேட்டாயிடுச்சாம். உத்திராபதின்னு ஒருத்தரு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில கெடக்குறாரு. பிரமோஷன் குடுக்காத கோவத்துல இவரே லைனக் கெடுத்துட்டாருன்னு மேனேஜர் கலியமூர்த்தி போலீசுல புகார் குடுத்து, வேலையவிட்டும் நிறுத்திட்டான்!”

தொலைத்தொடர்பு வேலையை விட்டுத் துப்பறிவாளரான தேவநாதன், உதவியாளர் வினோதினியை அழைத்துக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குப் போனார். அங்கே இளவரசும் கலியமூர்த்தியும் ஒருவரையொருவர் முறைத்தபடி நின்றார்கள். வினோதினி நேராக, இரண்டு ஊர் லைனையும் இணைக்கும் ரௌட்டரைச் சோதித்தாள்.

“ஆச்சரியமா இருக்கு சார். இதுவும் குடிகாட்டு ரௌட்டரும் ஒண்ணுக்கொண்ணு ‘ஹலோ’ன்னு வணக்கம் சொல்லிக்குது. ஆனா குடிகாட்டுக்குப் போற வழி மட்டும் இதுல இல்ல.”

திரையைப் பார்த்த தேவநாதன் அதை மூடிவைத்தார். “லைன்ல சமீபத்துல என்ன மாத்துனீங்க?”

“நேத்து காலையில பழைய சீரியல் லைன எடுத்துட்டு, ஈதர்நெட்ல ஃபைபர் போட்டோம்,” என்றான் இளவரசு. “குடிகாட்டுல நான் ஒண்ணும் மாத்தல. இந்தப் பக்கம் மேனேஜர் சார் பாத்தாரு.”

“கேபிளச் செருகுனதோட சரி,” என்று கலியமூர்த்தி சீறினார். “செட்டிங் எதுவும் எனக்குத் தெரியாது.”

“இந்த முனையில, இது எந்த வகை லைன்னு சொல்ற செட்டிங்க யாரோ கையால மாத்தியிருக்காங்க,” என்றார் தேவநாதன்.

“இவன்தான்! பழைய லைன் மாதிரியே பாயின்ட்-டு-பாயின்ட்னு அங்கேருந்தே அடிச்சிருப்பான்.”

தேவநாதன் அவரையே பார்த்தார். “அஞ்சாறு வகை இருக்கு. எந்த வகைன்னு நான் சொல்லவே இல்லயே? செட்டிங் தெரியாதுன்னு வேற சொன்னீங்க.”

கலியமூர்த்தி ஓரடி பின்வாங்கினார். தேவநாதன் விடவில்லை.

“சீரியல் போர்ட் தானாவே பாயின்ட்-டு-பாயின்ட் ஆயிடும். ஈதர்நெட் தானா பிராட்காஸ்ட்னு வேற வகை ஆகும். ரெண்டு பக்கமும் சும்மா விட்டிருந்தா வேலை செஞ்சிருக்கும். பழைய லைன்ல பாத்ததையே நீங்க இங்க அடிச்சீங்க. ஒரு பக்கம் ஒண்ணு, மறுபக்கம் வேறன்னா வணக்கம் மட்டும் நடக்கும். ரெண்டும் போட்டு வச்சிருக்கற வழி வரைபடம் ஒத்துப்போவாது, வழியும் ஏறாது. இளவரசு அடிச்சிருந்தா, தன் பக்கத்தையும் மாத்தியிருப்பாரு.”

“லைனக் கெடுக்கணும்னே ஒரு பக்கம் மட்டும் மாத்தியிருந்தா?” என்றாள் வினோதினி.

“கெடுக்க நெனைக்கிறவரு போர்ட்டையே அணைச்சிருப்பாரு. இது சரி பண்றதா நெனச்சு அடிச்சது.”

கலியமூர்த்தியின் குரல் இறங்கியது. “தெரியாம நடந்துடுச்சு. புகார வாபஸ் வாங்கிக்கிறேன். இளவரசு, நீ நாளையிலேருந்து வேலைக்கு வந்துடு.”

“தெரியாம அடிச்சது சரி சார்,” என்றான் இளவரசு. “எம் பேர போலீசுல குடுத்தது தெரிஞ்சுதான?”

தேவநாதன் தொலைபேசியை எடுத்துக் கலியமூர்த்தியின் முன்னால் வைத்தார்.

“இன்ஸ்பெக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

கலியமூர்த்தி அந்த அறையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு எண்களை அழுத்தத் தொடங்கினார்.