நகராத டாங்கி

பெரியவள் சுவிட்சைத் தட்டினாள். பிளாஸ்டிக் டாங்கிக்குள் மோட்டார் 'ர்ர்ர்' என்று உறுமியது. டாங்கி மட்டும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"அக்கா, இதுக்கு வயித்து வலியா?" என்றான் தம்பி வாண்டு.

"வாயை மூடுடா!"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா லாரி ஓட்டுபவர். போன தடவை வீட்டுக்கு வந்தபோதுதான் அவரும் அவளும் கடையில் வாங்கிய பெட்டியிலிருந்த துண்டுகளை ஒட்டி இந்தப் போர் டாங்கி பொம்மையைச் செய்யத் தொடங்கினார்கள். பாதியிலேயே அவரை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"மீதியை நீ ஒட்டு. நான் வந்ததும் ரெண்டு பேரும் ஓட்டிப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒட்டியதோடு விட்டாளா? பெட்டியில் இல்லாததையெல்லாம் சேர்த்தாள். நூலை முறுக்கிச் சாயம் பூசி, இழுவைக் கயிறு செய்தாள். மெல்லிய காகிதத்தைப் பசைத் தண்ணீரில் நனைத்து, மடித்துக் காயவைத்துத் தார்ப்பாய் ஆக்கினாள். எல்லாம் அருமையாக வந்தது. சக்கரத்தில்தான் காரியம் கெட்டது. நன்றாகப் பிடித்து நிற்கட்டும் என்று அச்சுக்கும் பசை வைத்துத் தொலைத்தாள்! அந்தப் பசை பிளாஸ்டிக்கையே உருக்கி ஒன்றாக்கிவிடும். இனி கழற்றவும் முடியாது, சுற்றவும் சுற்றாது.

அன்று மாலை அப்பா வந்தார். எப்போதும் வாசலிலேயே "எங்க என் பட்டாளம்?" என்று கத்துபவர், பையைக் கீழே போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"வேலையை விட்டு நிறுத்திட்டாங்க" என்று அம்மாவிடம் சொன்னார். "மழையில வண்டி சேத்துல இறங்கிடுச்சு. சரக்கு பூரா நனைஞ்சு போச்சு. எல்லார் முன்னாடியும் முதலாளி என்னைக் கன்னாபின்னான்னு திட்டிட்டாரு."

அம்மா அவருடைய பையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

டாங்கியை ஒளித்துவிடலாமா என்று பெரியவள் திரும்பினாள். அதற்குள் வாண்டு அதைத் தூக்கிக்கொண்டு போய் அப்பா மடியில் வைத்துவிட்டான். அப்பா சுவிட்சைத் தட்டினார். ர்ர்ர்.

"இதுவும் நின்னுடுச்சா?" என்றார்.

"நான்தாம்பா... சக்கரத்துக்கும் பசை வெச்சுட்டேன்."

"விடும்மா."

அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு. அப்பாவை இப்படி அவள் பார்த்ததே இல்லை. டாங்கி போனால் போகிறது, அப்பா இப்படியே உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது?

சமையலறைக்குப் போனாள். வடிகட்டிப் போட்டிருந்த டீத்தூளை ஒரு கிண்ணத்தில் அள்ளி, வெள்ளைப் பசை ஊற்றிக் குழைத்தாள். அசல் சேறு! ஓர் அட்டையையும் எடுத்துக்கொண்டு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, லாரி எவ்வளவு ஆழம் இறங்குச்சு?"

"அச்சு வரைக்கும்" என்றார், கண்ணைத் திறக்காமலே.

டாங்கியை அட்டையில் நிறுத்தி, அச்சு வரைக்கும் சேற்றை அப்பினாள். "ரெண்டு பக்கமுமா?"

"இல்ல, இடது பக்கந்தான்..." அப்பா கண்ணைத் திறந்தார். "அட, இப்படி இல்லம்மா! சக்கரம் சுத்தச் சுத்தச் சேறு பின்னாடி வாரி அடிக்கும். கொண்டா இங்க."

டாங்கியைச் சாய்த்து வைத்தார். விரலால் சேற்றை எடுத்துப் பின்பக்கம் தெளித்தார்.

"என் தலகாணியைக்கூட டயருக்கு அடியில குடுத்துப் பாத்தேன். அதையும் முழுங்கிடுச்சு."

"தலகாணியையா?" வாண்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

போன வேலை போனதுதான். நாளைக்கு என்ன செய்வது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் அப்பா பேசிக்கொண்டிருந்தார்.

பெட்டியோடு வந்த பொம்மைச் சிப்பாயை வாண்டு எடுத்து டாங்கிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். "இது யாருப்பா?"

"என் முதலாளி. கையை நீட்டி நீட்டித் திட்டுறாரு பாரு."

"இவர் மேலயும் கொஞ்சம் சேறு பூசட்டுமா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

"கொஞ்சம் எதுக்கு?" என்று கிண்ணத்தையே அவன் பக்கம் தள்ளினார் அப்பா.