ஒன்றாம் நம்பர் விஷம்

"ஐயோ... வயிறு... எரியுதே!"

அலறல் ஆய்வகத்தின் கண்ணாடிச் சுவர்களில் மோதித் திரும்பியது.

அக்கா தரையில் சுருண்டாள்.

அக்கா என்று கூப்பிடும் இளைய மாணவிக்கு நான்கு வருடமாகப் பக்கத்து மேஜை. கூடப் பிறக்காத குறைதான்.

ஆம்புலன்ஸ் போய் ஒரு மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார்.

"இவதான் சார்!" பேராசிரியரின் விரல் அந்த இளைய மாணவியை நோக்கி நீண்டது. "தண்ணி பாட்டில்ல கிருமியைக் கலந்துட்டா. இவ ஃப்ரீசர்ல ரெண்டு ட்யூப். ஒண்ணாம் நம்பர்ல பாதியைக் காணோம்!"

ஆய்வகத்தில் அவளுக்குப் பெயரே ஊமைக்கோட்டான்.

"என்ன கிருமி?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"குடலை அரிக்கிற கிருமி. அதுக்குள்ள குட்டி ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணு இருக்கு. விஷத்துக்கு அதுதான் பிரேக். இவ பிரேக்கைப் பிடுங்கி ஒரு கிருமி பண்ணி வெச்சிருக்கா. ஒண்ணாம் நம்பர் அதான்! டெஸ்ட் பண்ணிட்டேன்... குட்டி ஆர்.என்.ஏ. துளிகூட இல்ல. இதோ போட்டோ!"

அவள் போட்டோவை வாங்கிப் பார்த்தாள்.

"எப்ப டெஸ்ட் பண்ணீங்க?"

"அவ விழுந்ததும். ஏன்?"

"விழுந்து ஒரு மணி நேரம்தான் ஆகுது. இந்த டெஸ்ட்டுக்கு நாலு மணி நேரம் வேணும்!"

பேராசிரியர் கை போட்டோவைப் பிடுங்க நீண்டது.

"போட்டோ எடுத்த கம்ப்யூட்டர்ல தேதி இருக்கும். திறந்து பாருங்க சார்!"

இன்ஸ்பெக்டர் திறந்தார்.

திங்கட்கிழமை.

இன்று புதன்!

"எது கொல்லும்னு முன்கூட்டியே பார்த்து வெச்சிருக்கீங்க! உங்க கட்டுரையில இருக்கிற பொய்ப் படங்களைப் பத்தி அக்கா இன்னிக்குப் புகார் கொடுக்கப் போறாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான் விஷத்தைக் கலந்து பழியை என் மேல போட்டீங்க. த்தூ... நீங்கல்லாம் ஒரு வாத்தியாரா!"

நான்கு வருட மௌனம் மொத்தமாய் வெடித்தது.

பேராசிரியர் பல்லைக் கடித்தார். "என்னைப் பிடிச்சா அவ பிழைச்சிடுவாளா? பிரேக் இல்லாத விஷம். சாயங்காலம்வரைக்கும் தாங்க மாட்டா!"

ஒன்றாம் நம்பரில் அப்படி வரக் கூடாதே... ட்யூப் மாறிவிட்டதா? சட்டென்று ஒரு சந்தேகம்.

"எந்த கிட்ல டெஸ்ட் பண்ணீங்க?"

"அந்த வெள்ளை டப்பா."

அவள் மூச்சு திரும்பி வந்தது. கோபமும்தான்.

"அந்த டப்பாவுல இருக்கிற வடிகட்டி பெரிய ஆர்.என்.ஏ.வை மட்டும்தான் பிடிக்கும். குட்டியெல்லாம் கீழே வழிஞ்சிடும். கழிவுன்னு கொட்டினீங்களே... அதுல இருந்துச்சு! எந்த ட்யூப்பை வெச்சாலும் 'இல்லை'ன்னுதான் வரும். ரெண்டாம் நம்பரையும் வெச்சுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பத்து வருஷமா ஒரு ட்யூப்பைக் கையால தொட்டிருக்கீங்களா நீங்க?"

"அப்ப... ஒண்ணாம் நம்பர்?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"பிரேக் பிடுங்கினது ரெண்டாம் நம்பர். ஒண்ணுல ரெட்டை பிரேக்! வயிறு கலக்கும்... அவ்வளவுதான்!"

அவள் செல்போன் அலறியது. ஸ்பீக்கரில் அக்கா!

"ஏய் ஊமை... ட்ரிப்ஸ் ஏத்துறாங்க. வலி குறைஞ்சிருச்சுடி. இது அந்த ஆள் வேலைதான், விட்டுடாதே. நான் வந்து ரெண்டு அறை விடணும்!"

பேராசிரியர் கதவை நோக்கிப் பாய்ந்தார்.

இன்ஸ்பெக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்து விலங்கை மாட்டினார். க்ளிக்!

"இதையும் உங்க வடிகட்டின்னு நினைச்சிடாதீங்க சார்... இது பெருசு, குட்டி எல்லாத்தையும் பிடிக்கும்!"