அரைப்படகுக்கு ஒரு கையசைப்பு

எதிரே வரும் படகுக்குக் கையைத் தூக்குவது ஹெல்கெலாந்து கரையில் மூச்சு விடுவது மாதிரி. தெரிந்த முகமா, தெரியாத முகமா என்று யாரும் பார்ப்பதில்லை. ஹல்வார் மட்டும் தூக்க மாட்டான். ஆஸ்லோ நகரத்துக்காரன். போன மாதம்தான் இந்தக் குட்டி மோட்டார் படகை வாங்கினான். அதற்குள் தலையில் கேப்டன் தொப்பி ஏறிவிட்டது. வெளிக்கடலைத் தீவுகள் மறைத்து நிற்க, குளத்துத் தண்ணீர் போலக் கிடக்கும் அந்தப் பாதையில், புயலை வென்றவன் போல முகத்தை வைத்துக்கொண்டு சுக்கானைப் பிடித்திருந்தான்.

அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து அவன் மனைவி குன்வோருக்கு அலுத்துவிட்டது.

ஒரு மீன்படகு எதிரே வந்தது. குன்வோர் கையைத் தூக்கினாள். அதிலிருந்தவர்களும் தூக்கினார்கள்.

“யாரு, உன் சித்தப்பனா?” என்றான் ஹல்வார்.

“யாரோ.”

“யாரோவுக்கு எதுக்குக் கையாட்டுற? உங்க ஊர்ல எல்லாமே சாவி கொடுத்த பொம்மைங்க. கல்யாணத்துல ஒரு மணி நேரம்தான் இருப்பேன், சொல்லிட்டேன். அந்த மீன் நாத்தம் என்னால ஆகாது.”

லிங்வேர் தீவில் குன்வோரின் தங்கை மகள் சூல்ருனுக்குக் கல்யாணம். குன்வோர், தான் பிறந்த அந்த ஊருக்குப் போயே பல வருஷமாகிவிட்டது. அம்மாவின் அடக்கத்துக்குக்கூட, இவன் கிளப்பிய சண்டையில் போகாமல் இருந்துவிட்டாள். அதற்காக அவனை வெறுத்தாள். அடங்கிப் போன தன்னை அதைவிட அதிகமாக வெறுத்தாள்.

மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கியது. ஹல்வார் வேகத்தைக் குறைத்து, வழிகாட்டும் கருவியின் திரைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டான்.

முதலில் நாற்றம் வந்தது. கரையொதுங்கி அழுகிய பாசியின் நாற்றம்.

பிறகு துடுப்புச் சத்தம். மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல்.

பனிக்குள்ளிருந்து ஒரு துடுப்புப்படகின் முனை வெளியே வந்தது. நனைந்த தோல்சட்டைக்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் படகே இல்லை.

பாதியோடு முடிந்திருந்தது.

அரைப்படகுக்காரன். இந்தக் கரையில் நீந்தக் கற்கும் முன்பே பிள்ளைகளுக்கு அவனைத் தெரியும். கடலில் செத்துக் கரை சேராதவன். கையைத் தூக்குவான். பதிலுக்கு எவர் தூக்கினாலும் அவனுக்குச் சொந்தம்.

அவன் கையைத் தூக்கினான்.

குன்வோர் தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஹல்வார் எப்படியும் தூக்கப் போவதில்லை. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இருவரும் தப்பிவிடலாம்.

“ஹல்வார்,” என்று கிசுகிசுத்தாள். “அங்க ஒருத்தன் கையாட்டுறான்.”

“ஆட்டட்டும்.”

“ஒரு தடவையாவது மனுஷன் மாதிரி நடந்துக்கோ. நீயும் ஆட்டு.”

அவள் குரல் நடுங்கவே இல்லை.

“இந்தா, உன் சித்தப்பனுக்கு!” திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, நக்கலாகக் கையைத் தூக்கி ஆட்டினான்.

துடுப்புச் சத்தம் நின்றது.

குன்வோர் கண்ணை மூடிக்கொண்டாள்.

தண்ணீர் தெறிக்கவில்லை. யாரும் கத்தவில்லை. கண்ணைத் திறந்தபோது சுக்கானுக்கு முன்னால் யாரும் இல்லை. இருக்கை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

அவனைத் தேட வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. எழுந்து போய்ச் சுக்கானைப் பிடித்தாள்.

லிங்வேரை நெருங்கும்போது பனி விலகி, வெயில் சுள்ளென்று அடித்தது. படகுத்துறை முழுக்கக் கல்யாணக் கூட்டம். எல்லாருடைய கைகளும் உயர்ந்திருந்தன. குன்வோருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி இங்கிருந்து யாரும் தன்னை இழுத்துக்கொண்டு போக முடியாது என்று நினைத்தாள்.

தங்கை தூர்தீஸ் கயிற்றைப் பிடித்துக் கட்டினாள்.

“வந்துட்டியாக்கா! அத்தான் இவ்வளவு மாறிட்டாரே, நம்பவே முடியல!”

“யாரு?”

“அத்தான்தான். உனக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, அந்தக் கரை முனையில திரும்பினதுலேருந்து கையாட்டிக்கிட்டே வர்றாரே. ஏன் இப்படித் தொப்பலா நனைஞ்சிருக்காரு?”

குன்வோர் திரும்பிப் பார்க்கவில்லை.

“தூர்தீஸ்... நீங்க யாராவது பதிலுக்குக் கையாட்டினீங்களா?”

தூர்தீஸ் சிரித்தாள்.

“இது என்னக்கா கேள்வி? ஆட்டாம இருப்போமா? எங்க எல்லாருக்கும் முன்னாடி கல்யாணப் பொண்ணு சூல்ருன்தான் ஆட்டினா.”