பதினொரு மாதம் நின்ற கார்

பதினொரு மாதமாக ஒரு முறைகூட ஸ்டார்ட் செய்யாத காரின் பானெட் வெதுவெதுப்பாக இருந்தது.

உறையை உருவிச் சுருட்டும்போது தற்செயலாகத்தான் தம்பியின் உள்ளங்கை அதில் பட்டது. வெயில் சூடு என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வழியில்லை. மாடித் தளத்துக்கு அடியில் மூன்று பக்கமும் சுவர் எழுப்பிய ஷெட் அது. மதியம் மூன்று மணிக்குக்கூட உள்ளே விளக்குப் போட்டால்தான் சாவித் துவாரம் தெரியும். தரை சில்லென்றிருந்தது, சுவர் சில்லென்றிருந்தது, கதவின் கைப்பிடிகூட அப்படித்தான். பானெட் மட்டும், சற்று முன்புவரை யாரோ உட்கார்ந்திருந்த நாற்காலி போல இருந்தது. உறையின் உள்பக்கமும் பிசுபிசுத்தது. கையை மூக்கருகே கொண்டுபோனான். காது குடைந்த விரலில் வருமே, அந்த வாசம்.

அவனுக்கு இதெல்லாம் ஆகாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவன். ஊரார் மூக்கின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துத் துடைத்தே, பிறர் தொட்டதைத் தொட்டால் உடனே கை கழுவும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கால்சட்டையில் கையை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன்.

"டேய், பஸ் ஏறிட்டேன். ஏழு மணிக்கெல்லாம் வீட்டுல இருப்பேன். வண்டி எப்படி இருக்கு?"

"அதுக்கென்னண்ணே, ராஜா மாதிரி இருக்கு. போன ஞாயித்துக்கிழமைகூட ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்."

"நீ இருக்கற தைரியத்துலதான்டா கப்பல்ல நிம்மதியா தூங்கினேன். பதினொரு மாசமா அடுப்பும் கடலும்தான். நாளைக்கு விடிஞ்சதும் சாவியை எடுத்துட்டு எங்கயாவது கிளம்பிடணும்."

அண்ணன் கப்பலில் சமையல்காரர். பன்னிரண்டு வருடம் வெந்து வாங்கிய கார். போகும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து வை. வாடகை இல்லாமல் அவருடைய வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறவனுக்கு அது ஒரு வேலையா? முதல் வாரம் தலைவலி. அடுத்த வாரம் மழை. அதற்கப்புறம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. எப்போதோ எடுத்த போட்டோக்களை மாற்றி மாற்றி அனுப்பியதில் அவனே பாதி நம்பிவிட்டிருந்தான்.

உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். டக். விளக்குகள் ஒரு கணம் மங்கலாக எரிந்து செத்தன. இன்னொரு முறை. அந்த டக்கும் இல்லை.

மெக்கானிக்கைக் கூப்பிட்டான். எப்போதும் கரி அப்பிய முகம் என்பதால் அவருக்குக் கரி என்றே பெயர். யாராவது நிஜப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

"பேட்டரி போயிருக்கும் சார். இங்க ஒரு லாரி அடியில படுத்திருக்கேன், வர முடியாது. போனை ஸ்பீக்கர்ல போடுங்க, நான் சொல்றபடி செய்யுங்க. பானெட்டைத் தூக்குங்க."

தூக்கியதும் அந்த வாசம் முகத்தில் அடித்தது. இப்போது காது மட்டுமல்ல. பல நாள் துவைக்காத தலையணை, வேர்த்த அக்குள், தூங்கி எழுந்தவரின் வாய். எண்ணெய் வாசமோ பெட்ரோல் வாசமோ மருந்துக்குக்கூட இல்லை. பேட்டரியின் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்திருந்தது.

"சுடுதண்ணி ஊத்தித் தேய்ங்க. வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கா? அந்த பேட்டரியை டிராலியோட தள்ளிட்டு வாங்க. அதுல இருந்து கரன்ட் கொடுத்துப் பாப்போம்."

மனைவி சுடுதண்ணீர் கொண்டுவந்தாள். வாசலிலேயே நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க இந்த நாத்தம்? பெருச்சாளி கிருச்சாளி செத்துக் கிடக்குதா?"

"பாத்துட்டுதான் இருக்கேன். பாப்பா எங்க?"

"ரூம்ல தூங்குறா." சொம்பை நீட்டினாள். விளக்கு வெளிச்சத்தில் அவளுடைய வகிடு அகலமாகத் தெரிந்தது. ஆறேழு மாதமாகவே அவளுக்கு இதுதான் புலம்பல். அவன் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள். "பாக்காதீங்க. எப்படித்தான் கொட்டுதோ தெரியல. சீப்புல ஒரு முடி இல்ல, தலைகாணில ஒரு முடி இல்ல. தலை மட்டும் காலியாயிட்டே வருது. பாப்பாவுக்கும் பின்னந்தலை சொட்டையாகுதுங்க."

"வாங்கற எண்ணெய் அப்படி. வா, உள்ள உட்காந்து நான் சொல்றப்ப சாவியைத் திருப்பு."

இன்வெர்ட்டர் பேட்டரியைத் தள்ளிக்கொண்டு வந்து, கரி சொன்ன வரிசையில் ஒயர்களை மாட்டினான். மனைவி டிரைவர் சீட்டில் நுனியில் உட்கார்ந்தாள். திருப்பினாள். இந்த முறை எஞ்சின் சுழன்றது. ஆனால் பற்றவில்லை. இருமல் தொண்டைவரை வந்து துப்ப முடியாமல் திரும்புவது போல, ஈரமாக ஏதோ உள்ளே கொழகொழத்தது.

"நிறுத்துங்க," என்றார் கரி. "காத்து போகல சார். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தொறங்க. கறுப்பா, சதுரமா, நாலு கிளிப் போட்டிருக்கும். நின்ன வண்டில எலி அதுக்குள்ளதான் கூடு கட்டும்."

நாலு கிளிப்பையும் நெம்பினான். மூடி வரவில்லை. உள்ளிருந்து ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது. பலமாக இழுத்ததும், ஆறிய பாலின் ஏட்டைக் கிழிப்பது போன்ற சத்தத்துடன் வந்தது.

உள்ளே ஃபில்டர் தெரியவில்லை. பெட்டி முழுக்க முடி.

எச்சில் ஊற்றிப் பிசைந்து அடைத்தது போல, கம்பளிபோல் இறுகிய முடி. ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பி எடுத்தான். முழுசாகக் கழன்று கையில் விழுந்தது, ஈரக் கனத்துடன், குஞ்சுபொரித்த கூட்டின் சூட்டுடன். மனைவியின் நீள முடி அவனுக்குத் தெரியும். சுருள் சுருளாக, செம்பட்டையாக இருந்தது மகளுடையது. குட்டையாக, நரை ஓடியது யாருடையது என்றும் தெரியும். கூட்டின் நடுவே ஒரு குழி. குழிக்கு மெத்தையிட்டிருந்தது. வெட்டிப்போட்ட நகங்கள். பித்தவெடிப்பிலிருந்து உரிந்த தோல். போன வாரம் அவன் கட்டைவிரலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி, காய்ந்த ரத்தக் கறையோடு. மகளின் முட்டியில் ஆறிக்கொண்டிருந்த புண்ணின் பொருக்கு. எல்லாவற்றின் மீதும் ஜவ்வு போல எச்சில்.

ஷெட் மூலைக்கு ஓடி வாந்தி எடுத்தான்.

"என்னங்க ஆச்சு?" மனைவி இறங்கப் போனாள்.

"ஒண்ணும் இல்ல. நீ அங்கயே இரு. எலிக் கூடு." தூக்கி நிறுத்திய பானெட் அவளுக்கு எதையும் காட்டவில்லை. அதுவரைக்கும் நல்லது.

"எலிப் புழுக்கை நிறைய கிடக்குதா சார்?" என்றது போன்.

பார்த்தான். "ஒண்ணுகூட இல்லையே."

போனில், கரி படுத்திருந்த லாரியின் அடியில் எங்கோ சுத்தியல் சத்தம் கேட்டது. "அப்ப அது எலி இல்ல சார்," என்றார். பிறகு, தானே சொன்னது பிடிக்காதவர் போல, "எதுவா இருந்தா என்ன? தூக்கிப் போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."

தூக்கிப் போட முடியவில்லை. கூட்டின் அடியிலிருந்து ஒரு கயிறு போனது. விரல் தடிமனில், இறுக்கிப் பின்னிய முடிக் கயிறு. டார்ச் அடித்தான். காற்றுக் குழாய்க்குள் இறங்கி, அதன் வாய் வழியாக வெளியே வந்து, எஞ்சின் பெல்ட்டின் ஊடாகத் தளர்வாக ஒரு சுற்றுச் சுற்றி, தரைக்குப் போயிருந்தது. குனிந்தான். தரையில் ஈரத் தடம் விட்டு, காருக்கும் சுவருக்கும் நடுவே நீண்டு, சுவரின் அடியில் இருந்த ஓட்டைக்குள் நுழைந்தது. ஷெட் கட்டுவதற்கு முன்னால், அறை கழுவிய தண்ணீர் வெளியேற வைத்த ஓட்டை. ஒரு கை முஷ்டி அளவுதான்.

அந்தப் பக்கம் அவர்களுடைய படுக்கையறை.

தினமும் ராத்திரி அங்கேதான் மூவரும் படுக்கிறார்கள். வாயைத் திறந்துகொண்டு. கை கால்களை வெளியே நீட்டிக்கொண்டு. பதினொரு மாதமாக.

கயிற்றைப் பிடித்தான். கை வழுக்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு பிடித்து, ஒரு இழுப்பு இழுத்தான்.

"ஆ! அப்பா!"

சுவருக்கு அந்தப் பக்கம். மகளின் குரல்.

கயிற்றை விட்டுவிட்டு ஓடினான். சமையலறை வழியாக, தண்ணீர்க் குடத்தில் இடித்துக்கொண்டு, ஹாலைக் கடந்து. கடந்தவன் நின்றான்.

மகள் ஹாலில் இருந்தாள். டிவி முன்னால் குப்புறப் படுத்து, நோட்டில் வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ தூங்கலையா?"

"எப்பவோ எழுந்துட்டேன்ப்பா."

"இப்ப கத்தினது நீயா?"

"நான் இல்ல." கண்ணை எடுக்காமல், பென்சிலால் படுக்கையறைப் பக்கம் காட்டினாள். "அது ரூம்ல இருந்து."

"எது?"

தோளைக் குலுக்கினாள். யானைக்குப் பச்சை நிறம் அடித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கி வாசலுக்கு வெளியே உட்கார வைத்தான். "உள்ள வராத. அப்பா சொல்ற வரைக்கும்."

படுக்கையறை. கட்டிலில் யாரும் இல்லை. போர்வை கலைந்திருந்தது. அதே வாசம், இங்கே இன்னும் மெலிதாக. இத்தனை நாள் இதைத் தன் வீட்டு வாசம் என்றுதானே நினைத்திருந்தான்?

மண்டியிட்டான். கன்னத்தைத் தரையில் வைத்தான். டார்ச்.

கட்டிலுக்கு அடியில், சுவரோரம், நனைந்த போர்வையைச் சுருட்டிப் போட்டது போல ஒன்று. மகளின் உயரம். மகளின் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட ஒன்று. எலும்பே இல்லாதது போலத் தரையோடு பரவியிருந்தது. தோல் ஒரே தோலாக இல்லை. செதில் செதிலாக, துண்டு துண்டாக ஒட்டிச் சேர்த்தது. உச்சந்தலையிலிருந்து அந்தக் கயிறு. கயிறு ஓட்டைக்குள்.

அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ஷெட்டில் கரியின் குரல், ஸ்பீக்கரில், சுவர் தாண்டிக் கேட்டது. "கூட்டை எடுத்தாச்சுல்லம்மா? ஃபில்டர் இல்லாட்டி பரவால்ல. இப்ப ஒரு தடவை சாவியைத் திருப்புங்க."

"வேண்டாம்!" என்று கத்தினான். கத்தியதாகத்தான் நினைத்தான். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

எஞ்சின் சுழன்றது. உறுமியது. பற்றியது.

கயிறு விறைத்தது.

சுருண்டு கிடந்தது விருட்டென்று நீண்டது. தலை ஓட்டையில் போய் மோதியது. மறுபடி மோதியது. பிறகு, பிசைந்த மாவு விரலிடுக்கில் புகுவது போல, புகத் தொடங்கியது. நெற்றி ஒடுங்கியது. ஒரு கண் காதுப் பக்கம் இழுபட்டது. முகம் அவனைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதற்கு முகம் இருந்தது.

"வலிக்குதுப்பா," என்றது. மகளின் குரலில். வாய் கோணி, உதடு காதுவரை நீண்டு, ஆனாலும் சுத்தமாக. "வலிக்குது. வலிக்குதுப்பா."

சுவருக்கு அப்பால் மனைவி சந்தோஷமாகக் கூவினாள். "எடுத்துடுச்சுங்க! வண்டி எடுத்துடுச்சு! அண்ணனுக்கு போன் போடுங்க!"

ஆக்சிலரேட்டரை அழுத்தினாள்.

கழுத்து போயிற்று. தோள் போயிற்று. மீதமிருந்த ஒரு கை தரையில் துழாவியது, பிடிமானம் தேடி, டார்ச் வெளிச்சத்தின் ஓரமாக, பக்கத்தில், இன்னும் பக்கத்தில். அவனால் நகர முடியவில்லை. சின்னக் கை. வெதுவெதுப்பான, சொதசொதத்த, நகமில்லாத விரல்கள். அவன் ஆள்காட்டி விரலைக் கண்டுபிடித்தன. ரோடு கடக்கும்போது குழந்தைகள் பிடிப்பார்களே, அப்படிப் பிடித்துக்கொண்டன.

எஞ்சின் இழுத்தது. அது விடவில்லை.