வெறும்பெட்டி நடை

மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூற்றுப் பதினைந்து ரூபாய். மரியபுஷ்பத்தின் கையில் கிடந்த உழைப்புக்காப்பு அன்று காலை காட்டிய கடன் அது. வேலை நேரத்தில் உடம்பு நாற்பது விநாடிக்கு மேல் ஓய்ந்தால் காப்பு அதைத் தேக்கம் என்று எடுத்துக்கொண்டு, நிமிடத்துக்குப் பதினொரு ரூபாய் அவள் பேரில் எழுதும். கடன் தீரும்வரை தூத்துக்குடித் துறைமுகச் சரக்குக் கிட்டங்கியின் வாசல் அவளுக்குத் திறக்காது. ஏழு வருஷமாகத் திறக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கும் மகள் டெல்சி, விடுமுறையில் அங்கேயே காப்பு மாட்டாத தினக்கூலியாக வந்து சேர்ந்தாள்.

நின்று பேசினால் கடன் ஏறும். அதனால் கிட்டங்கியில் பேச்செல்லாம் வெறும்பெட்டியில்தான். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகக் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆறாம் வரிசைக்கும் ஒன்பதாம் வரிசைக்கும் இடையே மெல்ல நடப்பார்கள். கால் நடக்கிறது, கை பிடித்திருக்கிறது; காப்புக்கு எடை தெரியாது. இடுப்பு விட்டுப்போனவளுக்கும் காய்ச்சல்காரனுக்கும் அந்தக் காலிப் பெட்டிதான் கட்டில்.

“ஒண்ணுக்குப் போனா எவ்வளவு எழுதுது சித்தி?” என்று டெல்சி கேட்டாள்.

மறுமுனையில், அம்மாவோடு வேலை பார்க்கும் இசக்கியம்மாள் பாரம் சுமப்பவள் போல முக்கினாள். “முப்பத்தி மூணு. குத்தவச்சு யோசிச்சேம்னா அம்பத்தஞ்சு. சட்டப்படி அதுக்குக் காசு போடக் கூடாதாம்லா. எழுதுவியோ?”

“எழுதத்தான் வந்திருக்கேன்.”

“எம்பேரப் போட்டே எழுது.”

இப்படி நாற்பத்தொரு பேர் சொன்னார்கள். டெல்சி எழுதியதை மெய்யளவியிடம் கொடுத்தாள். வாக்கியம் வாக்கியமாக ஆதாரம் பார்த்து மதிப்பெண் போடும் இயந்திரம் அது. அதன் முத்திரை இல்லாமல் எந்தச் செய்தியையும் வெளியிட முடியாது. மாணவர் புலனாய்வு இதழியல் விருதுக்கும் அதுதான் நடுவர். தொண்ணூற்றைந்து எடுத்தால் முத்திரையோடு விருது. விருது வாங்கியவரின் குடும்பத்துக் கடன் எல்லாவற்றையும் அரசாங்கம் அடைக்கும்.

தொண்ணூற்றொன்று வந்தது.

“செய்தி சேகரித்த முறை எழுதப்படவில்லை,” என்றது மெய்யளவி. “அந்த நாட்களில் கழிவறை நேரம் தவிர இவர்கள் யாருக்கும் தேக்கம் பதிவாகவில்லை. பிறகு எப்போது உன்னிடம் பேசினார்கள்? இது தெரியாவிட்டால் நாற்பத்தொரு வாக்குமூலமும் செல்லாது.”

“சொன்னா அது வெளிய போகுமா?”

“விருதுக் கட்டுரை முழுதாக வெளியாகும். மற்ற மாணவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.”

செய்தி சேகரித்த முறைக்கான கட்டம் திரையில் காலியாகக் கிடந்தது. எழுதாவிட்டால் இசக்கி சித்தி பொய்க்காரி. அம்மா உள்ளேயே கிடப்பாள். டெல்சி வெறும்பெட்டியைப் பற்றி நான்கு வரி எழுதினாள். தொண்ணூற்றேழு.

விருது விழாவில் நடுவர் குறிப்பை வாசித்தார்கள். கழிவறைக் காசைக் கண்டுபிடித்தது நன்று. பெட்டி முறை அதைவிடச் சிறப்பு. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

கட்டுரையில் உள்ளதெல்லாம் உண்மை என்று கிட்டங்கி நிறுவனம் ஒப்புக்கொண்டது. கழிவறைக் காசை எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்தது. பிறகு அதே முத்திரையைக் காட்டி, பழைய நடைப் பதிவுகளைத் தோண்டிச் சரக்குக் கணக்கோடு ஒப்பிட்டு, சரக்கில்லாமல் நடந்த நடையையெல்லாம் தேக்கமாக எழுதியது. இசக்கியம்மாளின் கடன் இரண்டு மடங்கானது. முத்திரை விழுந்த உண்மையை எந்த நீதிமன்றத்திலும் மறுக்க முடியாது.

அம்மாவை அழைத்துப்போக வந்த டெல்சி வாசலுக்கு வெளியே நின்றாள். கம்பிக்கு அந்தப் பக்கம் இசக்கியம்மாள் சரக்கு நிறைந்த பெட்டியோடு போய்வந்துகொண்டிருந்தாள். அவள் கையில் எடை பார்க்கும் புதுக் காப்பு.

“சித்தி, நான்…”

“நீ ஒண்ணும் பொய் எழுதலியே தாயி.” போனாள். திரும்பி வந்தாள். “நல்லாத்தான் எழுதியிருக்க. மேனேஜரு எங்கள உக்கார வச்சு வாசிச்சுக் காட்டுனாரு. அந்த நேரத்துக்கும் நிமிசத்துக்குப் பதினொண்ணு போட்டுட்டாரு.”

மரியபுஷ்பம் வாசலுக்கு வந்து கையை நீட்டினாள். காப்பு கழன்று தட்டில் விழுந்தது. வெளியே வந்தவள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

“அடுத்த வருசமும் இந்த விருது குடுப்பாவளா?”

“குடுப்பாங்கம்மா.”

“யாரு வாயத் தொறந்து சொல்லுவா, நீங்க எழுதுததுக்கு?”

வாசல் திரையில் மரியபுஷ்பத்தின் பேருக்கு நேரே பூஜ்யம் விழுந்தது. கடன் தீர்ந்தது என்று ஒரு குரல் சொன்னது. வாசல் மூடிக்கொண்டது.